யார் உள்ளே என்று கேட்டால்

ஜூன் 10, திங்கள்

இத்தனை வருடமாகப் புரூப் தாளில் சிவப்பு மையோடு வாழ்ந்துகொண்டிருந்த என்னை இன்று முதலாளி கம்ப்யூட்டர் அறைக்குள் பிடித்துத் தள்ளிவிட்டார். சிவகாசியில் எங்களுடையது நடுத்தரமான காலண்டர் கம்பெனி. சாமி படத்துக்குக் கீழே தொங்கும் தினசரித் தாள்தான் எங்கள் சோறு. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் ஜோதிடர் எழுதிக் கொடுப்பார். அதை மாதத்துக்கு ஒரு கோப்பாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்துதான் தாளுக்குப் போகும்.

"கனி, இங்க வாத்தா. இனிமே தாள் வேலை பூரா ஒம் பொறுப்பு."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது மொதலாளி."

"ஒந்தங்கச்சி மட்டும் வயித்துக்குள்ளயே படிச்சிட்டா வந்தா? ஒம் பேர்ல ஒரு வாசலத் தொறந்து வச்சிட்டுத்தான் போயிருக்கா. பேரு kani. பாஸ்வேர்டு இந்தா இருக்கு. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் வெளியிடணும், அதுக்குள்ள தாள் அச்சுக்கு ஏறணும். மத்ததெல்லாம் நீ பாத்துக்க."

என் தங்கை போன மாதம் இதே நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கள் காலண்டர் கட்டுகளை ஏற்றிப் போகும் லோடு வேன்காரன் ஸ்டீபனோடு போய்விட்டாள். கோவில்பட்டியில் இருப்பதாகக் கேள்வி. அவர்கள் வேறு ஆட்கள். இனி வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நானும் எடுப்பதில்லை. அப்பா சொன்னதற்காக அல்ல. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே, அதற்காக.

இந்த நாட்குறிப்பிலும் அவள் பெயர் வராது. முன்பு இருந்தவள் என்று எழுதினால் போதும்.

ஜூன் 11, செவ்வாய்

மற்ற அறைகளில் இருப்பது மாதிரி படமும் எலியும் வைத்த கம்ப்யூட்டர் இல்லை இது. கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு மினுக்மினுக்கென்று நின்றுகொண்டு, "சொல்லு, என்ன வேணும்?" என்பதுபோல் பார்க்கிறது. நான் அடித்துச் சொன்னால்தான் நகரும். என்ன சொல்வது என்று தெரிந்தால்தானே! vanakkam என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. மரியாதை தெரியாத ஜன்மம்.

மதியம் வரை அதன் முகத்தை நானும் என் முகத்தை அதுவும் பார்த்துக்கொண்டிருந்தோம். எரிச்சலில் கையில் பட்ட விசையை எல்லாம் அழுத்தினேன். மேல் நோக்கிய அம்பை அழுத்தியதும் நான் அடித்த vanakkam திரும்பி வந்தது, இன்னொரு தடவை அழுத்தியதும் தானாக வேறொரு சொல் வந்து நின்றது. pwd. என்டர் தட்டினேன். நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மறுபடி மினுக்கியது.

நான் அடிக்காத சொல் எங்கிருந்து வந்தது? இந்த வாசலில் இதுவரை நான் ஒரு எழுத்துகூட உருப்படியாக அடித்ததில்லையே.

ஜூன் 14, வெள்ளி

அம்பை மேலும் மேலும் அழுத்தினால் மேலும் மேலும் வருகிறது! ls அடித்தால் அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று பெயர்களைக் காட்டும். cd அடித்து ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் அங்கே கூட்டிப் போகும். cd போட்டு இரண்டு புள்ளி வைத்தால் வந்த வழியே ஒரு படி வெளியே வரலாம். வீட்டுக்குள் அறை, அறைக்குள் அலமாரி, அலமாரிக்குள் டப்பா. text என்கிற அறைக்குள் போனேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதமும் வரிசையாக இருந்தன. less போட்டு ஜனவரியைத் திறந்தேன். முதல் தாளிலேயே எமகண்டத்துக்கு ஒரு புள்ளி குறைவு. எனக்கு உயிர் வந்தது.

இன்னொன்று கவனித்தேன். சொன்ன வேலையை முடித்தால் இது வாயே திறப்பதில்லை. தப்பு செய்தால் மட்டும் பேசும். எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக இருக்கும்.

ஜூன் 18, செவ்வாய்

பிப்ரவரி. சந்திராஷ்டமத்தில் ஒரு ராசி இடம் மாறியிருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு.

ஜூன் 20, வியாழன்

இன்று ஒரு விஷயம் உறைத்தது. அம்பை அழுத்தினால் கடைசியாக அடித்ததுதான் முதலில் வரும். நான் நேற்று அடித்தவற்றை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை. அப்படியானால் முதல் நாள் என் vanakkam போனதும் முதலில் pwd வந்தது, பிறகு ls, பிறகு cd, பிறகு less. முதலில் படிக்க வேண்டியது முதலில் வந்திருக்கிறது. யாரோ என் வாசலில் உட்கார்ந்து பாடத்தைக் கடைசியிலிருந்து முதல்வரை தலைகீழாக அடித்து வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து இதையெல்லாம் செய்ய நேரம் இருந்திருக்கிறது, அக்காவிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லை.

நடுவே cp என்று ஒன்று வந்தது. ஒரு கோப்பை அப்படியே இன்னொரு பிரதி எடுத்துவைக்கும் என்று மேஜையில் கிடந்த விளக்கப் புத்தகத்தில் இருந்தது. ஒழுங்காக ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு? அதைத் தாண்டிவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

பாடத்தின் அடி ஆழத்துக்கு இன்று போய்விட்டேன். who என்று வந்தது. தட்டினேன். இந்தக் கம்ப்யூட்டருக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொன்னது. kani, அது நான். அடுத்த வரியில் இன்னொரு பெயர். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், அது காட்டியதை எழுதாமல் எப்படி? suganthi.

நாற்காலியில் நான் ஒருத்திதான். அறையில் வேறு ஆள் இல்லை. கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து அறை டிசைனர் ரூபனிடம் மூன்றாம் மனிதருக்குக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"வெளியூர்ல இருந்தும் நெட்டு வழியா உள்ள வரலாம்க்கா. பேரும் பாஸ்வேர்டும் இருந்தாப் போதும். ஏன், யாரும் வந்திருக்காங்களா?"

"சும்மா கேட்டேன்ப்பா."

திரும்பி வந்து மறுபடி who தட்டினேன். நான் மட்டும் இருந்தேன்.

அம்பை இன்னும் ஒரு தடவை அழுத்தினேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதுதான் பாடத்தின் கடைசி. write suganthi. தட்டினால் அவள் திரைக்கு நேராக எழுதலாம் என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. தட்டவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மார்ச் மாதத்தைத் திறந்தேன்.

ஜூன் 26, புதன்

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் இதைக் கம்ப்யூட்டர் அதிசயமாகச் சொன்னேன். "உள்ள யாரு யாரு இருக்காங்கன்னு கேட்டாச் சொல்லுதுப்பா."

"யாரு இருந்தா?"

"ரெண்டு பேரு. நான் ஒண்ணு. இன்னொண்ணு முன்ன இருந்த ஆளு."

அப்பா கை சோற்றிலேயே நின்றது. பிறகு ரசம் கேட்டார். ஊற்றினேன். மறுபடி ரசம் கேட்டார். எங்கள் வீட்டில் அப்பா இரண்டு தடவை ரசம் வாங்கி நான் பார்த்ததில்லை. நான் வைத்த ரசம் அவ்வளவு நன்றாக இருந்ததாகவும் நினைக்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

காலை ஒன்பது மணிவாக்கில் அந்தப் பெயர் வருகிறது. கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. நான் கிளம்பும் நேரத்துக்குச் சில நாள் மறுபடி வருகிறது. என்ன செய்ய வருகிறாள் என்று தெரியவில்லை. மாதங்களைத் திறந்து பார்த்தேன், எதையும் தொட்ட மாதிரி இல்லை. வேவு பார்க்கிறாளோ? எங்கள் கம்பெனி எமகண்டத்தை வேவு பார்த்து யாருக்கு என்ன லாபம்?

அப்பாவுக்குத் திடீரென்று கம்ப்யூட்டர் மேல் ஆர்வம் வந்திருக்கிறது. தினமும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுகிறார். "இன்னைக்கு எத்தன பேரு?"

ஜூலை 4, வியாழன்

காய்ச்சல். மூட்டெல்லாம் கழன்றுவிட்ட மாதிரி இருக்கிறது. அப்பா கஞ்சி வைத்தார். உப்பு இல்லை.

ஜூலை 8, திங்கள்

ஒரு வாரம் கழித்து நாற்காலிக்கு வந்தேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாக who. அவள் உள்ளே இருந்தாள். ஏழு மணியிலிருந்தே இருக்கிறாள் என்று நேரம் காட்டியது. ஆபீஸ் திறப்பதே ஒன்பதுக்கு. நான் வந்து சற்று நேரத்தில் பெயர் போய்விட்டது. என்ன கூத்தோ.

ஜூலை 10, புதன்

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. முடிந்த மாதங்களை வைக்க final என்று புதிதாக ஓர் அறை வேண்டும், mkdir என்று அடித்தால் அறை உருவாகும், நானே படித்துக் கண்டுபிடித்தேன் என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"புது அறையா? அடுத்த வாரம் ஆடி பொறந்துரும்த்தா. ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாது. இன்னைக்கே நல்ல நேரத்துல போட்ருவோம். நானே போடுறேன்."

தெரு முழுக்க நல்ல நேரம் அச்சடித்து விற்கிறவர், தன் வீட்டுக்குப் பார்க்காமல் இருப்பாரா? ஒன்பதேகாலுக்கு மேல் குளித்துத் திருநீறு பூசி வந்தார். ஊதுபத்தி வேறு. சும்மா உட்கார மனமில்லாமல், "அந்த முருகன் படம் புதுசா வந்துச்சே, அதக் காட்டு, கும்புட்டுட்டுத் தொடங்குவோம்" என்றார். படங்கள் இருக்கும் அறைக்குப் போய் முருகன் பெயரைக் காட்டினேன். பெயரையே கும்பிட்டார். பிறகு ஒற்றை விரலால் m, k, d என்று தேடித் தேடி அடித்து, கடைசியில் final போட்டு, என்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கம்ப்யூட்டர் ஒன்றும் பேசவில்லை.

"என்னத்தா, ஒண்ணும் சொல்லல?"

"சொல்லலைன்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம் மொதலாளி."

எல்லோருக்கும் லட்டு.

ஜூலை 19, வெள்ளி

அக்டோபர். தீபாவளித் தாள் இந்த மாதத்தில் வருகிறது. கையில் விளக்குமாறு எடுத்ததுபோல ஒரு வேகம். இன்று இரண்டு பேர்.

ஜூலை 26, வெள்ளி

முடிந்தது! டிசம்பர் முப்பத்தொன்று வரை பார்த்துவிட்டேன். ராகு காலம் கழியட்டும் என்று பன்னிரண்டு மணிவரை காத்திருந்து text அறைக்குப் போனேன். mv என்றால் எடுத்து வை என்று பொருள். mv போட்டு ஜனவரி, final என்றேன். பேசவில்லை. பிப்ரவரி, final. பேசவில்லை. இப்படியே டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத்தையும் என் கையாலேயே எடுத்து வைத்தேன். கடைசியில் ls போட்டால் அறை சுத்தமாக இருந்தது. final என்கிற ஒரே ஒரு பெயர். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ரூபனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 27, சனி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் final அறைக்குள் போகலாம் என்று cd போட்டேன். அது அறையே இல்லை என்றது. திறந்து பார்த்தேன். டிசம்பர் மட்டும் இருந்தது. மற்ற பதினொரு மாதமும் எங்கும் இல்லை.

ரூபனும் நானும் இடம் இடமாகத் தேடினோம். அறை கிடைத்தது. படங்கள் இருக்கிற இடத்தில், முருகனுக்குப் பக்கத்தில், final என்று ஓர் அறை காலியாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு முருகனைக் காட்டக் கூட்டிப் போனேனே, அங்கே நின்றபடியே அடித்திருக்கிறோம். pwd போட்டு எங்கே நிற்கிறோம் என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். text அறையில் final என்று ஓர் அறையே கிடையாது. இல்லாத அறைக்குள் ஜனவரியை வை என்றதும், சரி, பெயரை மாற்றச் சொல்கிறாள் போல என்று ஜனவரிக்கே final என்று பெயர் வைத்துவிட்டது. பிறகு பிப்ரவரிக்கும் அதே பெயரைக் கொடுத்தேன், ஜனவரி அழிந்துவிட்டது. மார்ச் வந்ததும் பிப்ரவரி அழிந்தது. பன்னிரண்டு பேரை ஒரே நாற்காலியில் ஒருவர்மேல் ஒருவராக உட்கார வைத்திருக்கிறேன். கடைசியாக வந்த டிசம்பர்தான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் அது வாயைத் திறக்காமல் இருந்தது, நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார்.

"நல்ல நேரம் பாத்துத்தானத்தா பண்ணோம்?"

"நல்ல நேரம் பாத்தோம் மொதலாளி. எந்த எடம்னு பாக்கல."

ஜோதிடர் எழுதிய கட்டு இருக்கிறது. ஆனால் அதை மறுபடி ஏற்றித் திருத்த இரண்டு மாதம் ஆகும். ஆடிப் பதினெட்டு வருகிற சனிக்கிழமை. புதன்கிழமைக்குள் மாதங்கள் வராவிட்டால் பெரிய கம்பெனியில் தயார்த் தாளை வாங்கி எங்கள் பெயரை ஒட்டிவிடப் போகிறாராம். தாள் பிரிவையும் மூடிவிடுவாராம். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

who தட்டினேன். நான் மட்டும். சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருந்தேன். நான் மட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

ஆபீஸ் விடுமுறை. இட்லி வெந்ததா வேகவில்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முன்ன இருந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்றார்.

"தெரிஞ்சிருக்கும்."

"கேளு."

"நீங்கதான பேசக் கூடாதுன்னீங்க?"

"நான் வீட்டுல பேசக் கூடாதுன்னேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 29, திங்கள்

எட்டரைக்கே வந்து வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்தேன். ஒன்பது மணிக்கு இரண்டாவது பெயர் வந்தது. write suganthi அடித்தேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் எடுத்த எடுப்பில், "மாசமெல்லாம் போச்சு. டிசம்பர் மட்டுந்தான் இருக்கு" என்று போட்டேன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"அக்கா. இரு."

ls தட்டினேன். அதே final மட்டும். மறுபடி தட்டினேன். ஜனவரி நின்றுகொண்டிருந்தது. மறுபடி. பிப்ரவரி. நான் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரூபன் பார்த்துவிட்டான், பார்க்காத மாதிரி போய்விட்டான், நல்ல பையன்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நீ திருத்துனது பூரா இருக்குக்கா. தெனமும் நீ கெளம்புனதும் ஒரு பிரதி எடுத்து வச்சிக்கிருவேன். வெள்ளி மத்தியானத்துல இருந்து நேத்து வரைக்கும் இங்க நெட்டு இல்ல."

"ஏன்?"

"நீ cp போடவே இல்லையே."

அவள் சொல்லிக் கொடுத்த பாடத்தில் நான் தாண்டிப் போன அந்த ஒன்றை அவளே செய்துகொண்டிருந்திருக்கிறாள். இதற்கு மேல் வேலைப் பேச்சு இல்லை. நானும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லாமப் போன?"

போய்விட்டாளோ என்று பார்த்தேன். பிறகு வந்தது.

"சொல்லியிருந்தா அப்பா ஒன்னையத்தான் கேட்டிருப்பாரு. ஒனக்குப் பொய் சொல்ல வராதுக்கா."

ஜூலை 31, புதன்

வெள்ளிக்கிழமை செய்த திருத்தங்களை மறுபடி செய்தேன். மாதங்கள் முழுதாக அச்சுக்குப் போய்விட்டன. முதலாளி என் தலையில் கை வைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நடு நடுவே சுகந்தி எழுதுகிறாள். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை பார்க்கிறாளாம். ரயில்வே கேட்டைத் தாண்டித் தீப்பெட்டி ஆபீஸ் சந்தில் பச்சைக் கதவு வீடாம். ஸ்டீபன் நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறானாம்.

"காலையில எதுக்கு உள்ள வர்ற?" என்று கேட்டேன்.

"நீ உக்காந்துட்டியான்னு பாப்பேன். ஒம் பேரு தெரிஞ்சாப் போதும், என் வேலையப் பாக்கப் போயிருவேன்."

"அவ்வளவுதானா?"

"நடுவுல ஒரு வாரம் ஒம் பேரே வரலைக்கா. யாருட்டப் போய்க் கேக்க? விடிஞ்சதுல இருந்து உள்ளயே கெடந்தேன்."

காய்ச்சல் என்று எழுதினேன். இப்போது தேவலை என்றும் எழுதினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேறு என்னவோ எழுதினேன், நினைவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஆல்பம் வெளியீடு. ஊர் ஊராக ஏஜென்ட்டுகள், மாலை, கேசரி. மதுரைக்காரர் எங்கள் தாளைக் கையில் எடுத்துப் பிழை தேடினார். தேடட்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். சம்பளம் கூடும் என்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"கனி, நல்லதுதான் செஞ்சா, நான் இல்லேங்கல. ஆனா வேலைய விட்டுப் போனவகிட்டச் சாவி இருக்கலாமாத்தா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மொதப் பழி யாரு மேல விழும்? அவ மேலதான். அந்தப் பேர எடுத்துரு. ஆளச் சேக்க, எடுக்க உள்ள பெரிய பாஸ்வேர்ட நான் தர்றேன்."

அவர் சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் எரிச்சல். ஒரு மாதமாகத் தினமும் காலையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அதை என் கையாலேயே எடுக்க வேண்டும்.

"நாளைக்கு எடுக்கிறேன் மொதலாளி" என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய். கோவில்பட்டி

காலையில் பெரிய பாஸ்வேர்டைப் போட்டு userdel suganthi என்று அடித்து, கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டினேன். எப்போதும் வாய் திறக்காதது இன்று திறந்தது. அந்த ஆள் இப்போது உள்ளே இருக்கிறாள், எடுக்க முடியாது என்றது. மணி ஒன்பது. ஆமாம், அவள் வருகிற நேரம்.

அவளுக்கு எழுதினேன். "கொஞ்சம் வெளிய போறியா?"

"சரிக்கா" என்று வந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வரியை நான் அடித்து முடிப்பதற்குள் பெயர் போய்விட்டது. என் வரி யாருக்கும் போகாமல் திரையிலேயே நின்றது. முதலாளி சொன்னார், நான் என்ன செய்ய, என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதை அழித்தேன். மறுபடி userdel அடித்தேன். இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை. who தட்டினேன். நான் மட்டும். நாளைக்குக் காலையிலும் நான் மட்டும்தான், மறுநாளும். அவளுடைய போன் நம்பர்கூட என்னிடம் கிடையாது. கேட்கவே இல்லை. கௌரவம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நடு எமகண்டம். இந்தத் தேதிக்கு ஒன்பது முதல் பத்தரை என்று போன வருடம் திருத்தியவளே நான்தான். கோவில்பட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். வழியில் அப்பாவுக்குப் போன் செய்து எங்கே போகிறேன் என்று சொன்னேன்.

"பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காராத, காத்து ஒத்துக்காது" என்றார். போனை வைக்கவில்லை. "அவளுக்கு எள்ளுருண்டை புடிக்கும். வாங்கிட்டுப் போ" என்றார்.

ரயில்வே கேட், தீப்பெட்டி ஆபீஸ் சந்து, பச்சைக் கதவு. திறந்தே இருந்தது. சுகந்தி தரையில் சம்மணம் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். திரையில் கறுப்பாக அதே மாதிரி. அனுமதி இல்லை, மறுபடி முயற்சி செய் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி கீழே கீழே நிறைய இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை பாஸ்வேர்டை அடித்தாள். இன்னொரு வரி வந்தது.

"சுகந்தி."

திரும்பினாள். எழுந்திருக்கக்கூட இல்லை. கண் வீங்கியிருந்தது.

"பாஸ்வேர்டுதான் மறந்துட்டேன் போலன்னு நெனச்சேங்க்கா. திருப்பித் திருப்பி அடிச்சேன். பெறகுதான் நீ வெளிய போகச் சொன்னது..."

"நாந்தான் எடுத்தேன். மொதலாளி எடுக்கச் சொன்னாரு."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? அது ஒண்ணுதான இருந்துச்சு நமக்கு?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன். எள்ளுருண்டைப் பொட்டலத்தை அவள் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. "ஆனா நீ அங்க தெரிஞ்சுக்கிட்டே இருந்தின்னா, நான் காலம்பூரா ஒம் பேரப் பாத்துக்கிட்டே இருந்திருப்பேன்டி. இங்கிட்டு வந்திருக்கவே மாட்டேன்."